ஜட்ஜுக்கு இருமல்

உக்காருங்க தம்பி, இந்தப் பக்கம் இடம் இருக்கு. பூனைக் கூடையைக் கீழயே வைங்க, இவன் ஒண்ணும் பண்ண மாட்டான். ஜட்ஜ், சும்மா இரு. ஆமா, பேரே ஜட்ஜுதான். சிரிச்சா சிரிச்சுக்குங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான்.

உங்க பூனைக்கு என்ன, ஊசியா? அப்ப சீக்கிரம் முடிஞ்சிடும். எங்களுக்கு நேரம் ஆகும். இவனைப் படுக்கப் போட்டு நெஞ்சுல ஸ்கேன் எடுக்கணும். நாய்க்கு ஹார்ட் ஸ்கேனான்னு கேக்காதீங்க. எங்க பக்கத்து வீட்டம்மா கேட்டு, அன்னியிலேர்ந்து நான் அவங்ககூடப் பேசறதில்லை.

இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. இவன் ஹார்ட் நல்லா இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிடக் கூடாது. சமயபுரத்தாளுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். என்னடா இந்தம்மா, நாயைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு, நல்லா இருக்கக் கூடாதுங்குதேன்னு பாக்கறீங்க. எனக்கு ஒரே பொண்ணு, மங்கை. ஓசூர்ல கம்பெனி வேலை. என்னை அங்க வந்து இருன்னு கூப்பிடறா. அவ இருக்கற வீட்டுல நாய் வெச்சுக்க விட மாட்டாங்களாம். அதனால, இன்னிக்கு எடுக்கற படம் நல்லா இருந்துச்சுன்னா இவனை அவகூட வேலை பாக்கறவரு தோட்டத்துல விட்டுடறதாம். படம் சரியில்லைன்னா, சீக்காளி நாயை எங்க அனுப்பறது, வைத்தியமும் இங்கதான், சரி நீயே வெச்சுக்கன்னு விட்டுடுவா. அவ வாயாலேயே சொல்லிட்டா. சாயங்காலம் போன் பண்ணுவா, என்னம்மா சொன்னாங்கன்னு.

இவனை விட்டுட்டு நான் எங்க போவேன்? எங்க வீட்டுக்காரரு கடைசியா கையில வெச்சிருந்தது இவனைத்தான்.

அவரு கோர்ட்டுல டவாலி. பாத்திருப்பீங்க, ஜட்ஜு வர்றப்ப வெள்ளை உடுப்பு, குறுக்கால சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு, 'உஷ்'ஷுன்னு சொல்லிக்கிட்டே முன்னால நடப்பாங்களே, அந்த வேலை. ரிட்டயர் ஆன வருஷம், மாத்தலாகிப் போன பேங்க் மேனேஜர் ஒருத்தரு இவனைக் குட்டியா விட்டுட்டுப் போனாரு. காக்கர் ஸ்பேனியல்னு பேரு சொன்னாரு. காது ரெண்டும் இப்படித் தொங்குதா, அந்தக் காலத்து ஜட்ஜுங்க தலையில மாட்டிக்குவாங்களே ஒரு டோப்பா, அது மாதிரி இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. "சர்வீஸ் பூரா ஜட்ஜுக்கு முன்னால நான் நடந்துட்டேன் சம்பூர்ணம். இனிமே ஒரு ஜட்ஜு என் பின்னால நடக்கட்டும்"னாரு. அதுதான் பேரு வந்த விதம். 'ஜட்ஜ், உக்காரு. ஜட்ஜ், வெளிய போ'ன்னு சொல்றப்பல்லாம் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன தைக்கு அப்புறம்தான் இருமல் ஆரம்பிச்சுது. யாருக்கா? ஜட்ஜுக்குத்தான், வேற யாருக்கு? எங்களது உறையூர்ல ஹவுசிங் போர்டு வீடு, மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. மத்தியானம் சாப்பிட்டதும் இவரு ஹால்ல பாயைப் போட்டுப் படுப்பாரு, அவரு காலடியில இவன் படுப்பான். நான் அடுப்படியில ஏனம் கழுவிக்கிட்டிருப்பேன். படுத்த கொஞ்ச நேரத்துல இருமல் கேக்கும். கொக்கு கொக்குன்னு, தொண்டையில என்னமோ மாட்டிக்கிட்ட மாதிரி. "என்னாங்க, யாருங்க இருமுறது?"ன்னு இங்கேர்ந்தே கேப்பேன். "ஜட்ஜுதான், சம்பூர்ணம். என்னத்தையோ தின்னுட்டான் போல"ம்பாரு. முதல்ல எலும்பு சிக்கியிருக்கும்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா தெனம். படுத்தா இருமல், படுத்தா இருமல்.

எனக்கு மனசு கேக்கலை. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். "நாய்னா இருமத்தான் செய்யும், விடு"ன்னாரு. நான் விடலை. ஆட்டோவைக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு வந்துட்டேன். வாயில்லா ஜீவன் பாருங்க. மனுஷன்னா தனக்கு இன்னது பண்ணுதுன்னு வாயைத் திறந்து சொல்லிடுவான். அது சொல்லுமா?

டாக்டர் மெர்லின், இந்த உள்ளறையில இருக்காங்களே, தங்கமான பொண்ணு. நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டாங்க. சத்தம் கொஞ்சம் மாறி இருக்கு, ஸ்கேன் பாத்துடுவோம்னாங்க. "எப்படி இருக்கும் இருமல், சொல்லுங்கம்மா"ன்னாங்க. நான் ஆரம்பிக்கறதுக்குள்ள இவரு பேச ஆரம்பிச்சாரு. எனக்கு ஆச்சரியம். நாலு பேரு முன்னால வாயே திறக்காத மனுஷன் தம்பி.

"படுத்தா மூச்சு அடைக்குதுங்க டாக்டர். நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி. எந்திரிச்சு செவுத்துல சாஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலை. மாடி ஏறினா நடுவுல நின்னு நின்னு வரணும். சாயங்காலமானா காலு வீங்கிப் போவுது."

டாக்டரம்மா இவன் காலைத் தொட்டுப் பாத்தாங்க. "இப்ப வீக்கம் எதுவும் இல்லையே ஐயா?"

"காலையில வடிஞ்சிடுது டாக்டர்."

"நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரின்னு ஜட்ஜே உங்ககிட்ட வந்து சொன்னாரா?"ன்னு சிரிச்சாங்க.

"ஜட்ஜாச்சே, தீர்ப்பு சொல்லாம இருப்பாரா?"ன்னாரு இவரு. எல்லாரும் சிரிச்சோம். "இவ்வளவு நுணுக்கமா கவனிச்சு யாரும் சொன்னதில்லை ஐயா"ன்னாங்க டாக்டரம்மா. எனக்கு அப்படியே பெருமையா இருந்துச்சு. பெத்த பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட அவரு அப்படிக் கவனிச்சதில்லை.

ஸ்கேன் பாத்திருக்கீங்களா நீங்க? பக்கத்து ரூம்லதான் எடுப்பாங்க. மேஜையில ஒரு ஓட்டை இருக்கும். நாயை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, நெஞ்சு சரியா அந்த ஓட்டை மேல வர்ற மாதிரி பிடிச்சுக்கணும். முடியைச் சிரைச்சு, பசை மாதிரி ஒண்ணைத் தடவி, கீழேர்ந்து கருவியை வெச்சுப் பாப்பாங்க. முன்னங்காலை இவரு பிடிச்சுக்கிட்டாரு, பின்னங்காலை நான். லைட்டை அணைச்சுட்டாங்க. டிவியில கறுப்பும் வெளுப்புமா என்னமோ ஆடுது. அதுக்கு நடுவுல ஒண்ணு மீன் வாய் மாதிரி தொறந்து தொறந்து மூடுது. அதுதான் வால்வுன்னாங்க.

பொறுமையா எல்லாத்தையும் காமிச்சாங்க. இதயத்துக்கு நாலு அறை. மேல ரெண்டு, கீழ ரெண்டு. இடது பக்கம் மேல இருக்கற அறையைத்தான் முதல்ல பாக்கணுமாம். அது பக்கத்துலயே பெரிய ரத்தக் குழாய் ஒண்ணு வட்டமாத் தெரியும். படத்தை அப்படியே நிறுத்தி, குழாய்க்கு ஒரு கோடு, அறைக்கு ஒரு கோடு போட்டு, அதைவிட இது எத்தனை பெருசுன்னு பாக்கறாங்க. அப்புறம் கீழ் அறை. அதுதான் ரத்தத்தைப் பிழிஞ்சு உடம்புக்கு அனுப்புது. சுருங்கறப்ப எவ்வளவு, விரியறப்ப எவ்வளவுன்னு அதையும் அளந்தாங்க. கலர் போட்டா சிவப்பும் நீலமுமா ஓடுது.

இவரு அந்த டிவியை விட்டுக் கண்ணை எடுக்கலை. கோயில்ல தீபாராதனை காமிக்கறப்ப நிப்பாரே, அப்படி நின்னாரு. "அந்த அறை பெருசாயிட்டா திரும்பச் சின்னதாகுமா டாக்டர்?"னு கேட்டாரு. "மருந்து குடுத்தா கொஞ்சம் குறையும் ஐயா. கவனிக்காம விட்டா இன்னும் பெருசாகும்"னாங்க. "வலிக்குமா?"ன்னாரு. "வலி இருக்காது. மூச்சுதான் சிரமம். ஒரு நாள் முடியாமப் போயிடும்." அவரு இவன் காலை இறுக்கிப் பிடிச்சிருக்காரு போல, இவன் முனகினான். "ஏங்க, கையை விடுங்க, நோவுது அவனுக்கு"ன்னேன்.

எல்லாத்தையும் பாத்துட்டு டாக்டரம்மா என்னமோ யோசிச்சாங்க. திரும்ப ஒரு தடவை அளந்தாங்க. "வால்வுல லேசாக் கசிவு இருக்கு. மேல் அறை கொஞ்சம் பெருத்திருக்கு. ஆனா கொஞ்சம்தான். கீழ் அறை நல்லாப் பிழியுது. நீங்க சொல்ற மாதிரியெல்லாம் மூச்சு வாங்கற அளவுக்கு இந்தப் படத்துல ஒண்ணும் இல்லையேம்மா"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அந்த மெஷினா டாக்டர் எங்க வீட்டுல வந்து படுத்திருக்கு? பக்கத்துல இருந்து பாக்கறவங்க நாங்க. எனக்குத் தெரியாதா?"ன்னேன். அவங்க இவரைப் பாத்தாங்க. இவரு தரையைப் பாத்தாரு. "சரிம்மா, படத்தை மட்டும் நம்பி விட்டுடக் கூடாது, நீங்க சொல்றதை வெச்சே வைத்தியம் ஆரம்பிப்போம்"னு சொல்லிட்டாங்க. நியாயமான பொண்ணு.

உப்பு ஆகாது. உடம்புல சேர்ற தண்ணியை வெளியேத்தறதுக்கு ஒரு மாத்திரை. மனுஷங்களுக்குக் குடுக்கற அதே மாத்திரைதான், வெளிய மெடிக்கல்லயே கிடைக்கும். முக்கியமா மாடிப்படி ஏற விடக் கூடாது. "நாங்க மூணாவது மாடிங்க டாக்டர்"னு இவரு இழுத்தாரு. "தூக்கிட்டு ஏற ஆள் இருக்கா?"ன்னு அவங்க கேட்டாங்க. "அதான் இவரு இருக்காரே!"ன்னேன் நான்.

அன்னியிலேர்ந்து காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் இவரு இவனைத் தூக்கிக்கிட்டு இறங்குவாரு, ஏறுவாரு. சாயங்காலம் சின்னப் பசங்க படியில உக்காந்துக்கிட்டு, "ஜட்ஜ் ஐயா வர்றாரு, எந்திரிங்கடா"ன்னு கத்துவானுங்க. இவரு சிரிச்சுக்கிட்டே நிப்பாரு. நின்னு, செவுத்துல சாஞ்சு, அப்புறம் ஏறுவாரு. பசங்களோட விளையாடறாருன்னு நினைச்சுக்குவேன். "சீக்கிரம் வாங்க, காப்பி ஆறுது"ம்பேன்.

இவனுக்கு உப்பில்லாம சோறும் கோழியும் வேக வெப்பேன். ஒரு நாள் பாத்தா அவரும் அந்தச் சட்டியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கறாரு. "எனக்கும் இனிமே உப்பில்லாமலே போடு. ஜட்ஜு சாப்பிடறதை டவாலி சாப்பிடக் கூடாதா?"ன்னாரு. நாய்க்குத் துணையா மனுஷன் பத்தியம் இருக்கறதை எங்கயாவது கேட்டிருக்கீங்களா? அவ்வளவு பாசம். மாத்திரையும் பாருங்க, ஒரு மாசத்துக்கு வாங்கினா பாதி மாசத்துல தீந்து போயிடும். மெடிக்கல்காரன் குறைச்சுக் குறைச்சுக் குடுக்கறான்னு அவனோட சண்டைக்கே போயிட்டேன். இவருதான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாரு.

ஆனா இருமல் நிக்கலை. திரும்ப ஸ்கேனுக்கு வந்தோம். படம் அப்படியேதான் இருக்கு, ஒண்ணும் மோசமாகலைன்னாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க, நுரையீரல் சுத்தமா இருக்குன்னாங்க. அப்புறம் டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னாங்க. "இருமும்போது போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்கம்மா. பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

எடுக்கலாம்னு நானும் எவ்வளவு பாடுபட்டேன்! அடுப்படியில போனைக் கையில வெச்சுக்கிட்டே நிப்பேன். இருமல் கேட்டதும் ஓடுவேன். நான் ஹாலுக்குள்ள கால் வெச்சா நின்னுடும். இவரு எந்திரிச்சு உக்காந்து துண்டால வாயைத் தொடச்சுக்கிட்டிருப்பாரு. இவன் வாயை மூடிக்கிட்டு என்னையே பாப்பான். "இப்பதான் நிறுத்தினான்"ம்பாரு. திரும்ப வந்தா திரும்ப இருமல். போனைக் கண்டா வெக்கம் போல இவனுக்கு. கடைசி வரைக்கும் ஒரு வீடியோ என்னால எடுக்க முடியலை.

அன்னிக்குக் காலையில, பால் அடுப்புல இருந்துச்சு. கீழ போனவங்களைக் காணோமேன்னு கதவைத் தொறந்து எட்டிப் பாத்தேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல நிக்கறாரு. இவன் அவரு தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டிருக்கான். இவரு மெதுவாக் குனியறாரு, இவனைக் கீழ விடறதுக்கு. எனக்குப் பதறிப் போச்சு. அத்தனை நாள் பத்தியம் எல்லாம் வீணாயிடுமே. "இறக்கி விடாதீங்க! அவன் ஏறக் கூடாது!"ன்னு கத்தினேன். அண்ணாந்து என்னைப் பாத்தாரு. சரின்னு தலையை ஆட்டினாரு. ஆட்டினாரு தம்பி, நான் பாத்தேன். இவனை விடாம அப்படியே படியில உக்காந்தாரு. கொஞ்சம் உக்காந்துட்டு வரட்டும்னு நான் பாலை இறக்க உள்ள போயிட்டேன்.

டம்ளர்ல ஆத்தி எடுத்துக்கிட்டுத்தான் திரும்ப வந்தேன். செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. ரெண்டு கையும் இவனைச் சுத்தி இருக்கு. இவன் அவரு நெஞ்சுல காதை வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். குரைக்கலை, அசையலை. நான் தொட்டுக் கூப்பிட்டப்பறமும் அவரு கையிலேர்ந்து இவன் இறங்கலை. மேல் வீட்டுக்காரங்க வந்துதான் கையைப் பிரிச்சாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு, மங்கை பத்து நாள் இருந்தா. மாத்திரை அட்டையை எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு என்னமோ பாத்துக்கிட்டே இருந்தா. ஹால்ல, அவரு படுக்கற இடத்துலயே பாயைப் போட்டுப் படுத்தா. ஒரு நாள் மத்தியானம் அடுப்படிக்கு வந்து நின்னா. "அம்மா, நான் வந்ததுலேர்ந்து நாய் ஒரு தடவை கூட இருமலையேம்மா"ன்னா. மருந்து வேலை செய்யுதுடின்னேன். "அப்பா போன அன்னியிலேர்ந்தா வேலை செய்யுது?"ன்னு கேட்டா. நான் குழம்பைக் கிண்டிக்கிட்டே இருந்தேன். "இருமினது யாரும்மா?"ன்னா. கேக்கறா பாருங்க கேள்வி, பெத்தவகிட்ட. கையில இருந்த கரண்டியைப் போட்டுட்டேன்.

எனக்குத் தெரியாதா தம்பி? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவருகூட இருந்தவ, அவரு இருமினா எனக்குத் தெரியாதா? முதல்ல, அவரு இருமவே மாட்டாரு. கோர்ட்டு நடக்கறப்ப ஜட்ஜுக்குப் பின்னால நிக்கறவன் இருமக் கூடாது, அது உத்தியோகத்துல முதல் பாடம். சாட்சி சொல்லிக்கிட்டிருக்கறப்ப டவாலி இருமினா விடுவாங்களா? அடக்கி அடக்கி, முழுங்கி முழுங்கி, முடியாமப் போனா ஓசைப்படாம வராண்டாவுக்கு வந்துடுவாராம். எத்தனை தடவை சொல்லியிருக்காரு. சளி பிடிச்சிருந்தாக்கூட வீட்டுல அவரு இருமி நான் கேட்டதில்லை. உடம்புக்கு முடியலைன்னா சொல்லியிருக்க மாட்டாரா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன ஜட்ஜா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவனை மாதிரியே அவரையும் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்க மாட்டேனா?

மங்கை அப்புறம் கேக்கலை. அழுதா, ஊருக்குப் போயிட்டா. போன்ல இந்தத் தோட்டம், ஓசூர், இதுதான் பேச்சு. ஸ்கேன் நல்லா இருந்தா இவன் போகணும்.

மெஷின்ல எல்லாம் தெரிஞ்சு போயிடுமே, அதுதான் பயம். கோடு போட்டு அளந்துடறாங்களே. ஆனா முதல் தரமும் படம் ஒண்ணு சொல்லுச்சு, நாங்க ஒண்ணு சொன்னோம், டாக்டரம்மா எங்க பேச்சைத்தானே எடுத்துக்கிட்டாங்க? இன்னிக்கும் இருமுறான்னுதான் சொல்லப்போறேன்.

பொய்யின்னு நினைக்காதீங்க. நீங்க வந்ததுலேர்ந்து இவன் இருமலை, வாஸ்தவம். வெளிய வந்தா இவன் இருமறதில்லை. வீட்டுலதான். மங்கை ஊருக்குப் போன மறுநாள் மத்தியானம் அடுப்படியில நிக்கறேன். ஹால்லேர்ந்து கொக்கு கொக்குன்னு கேக்குது. அதே இருமல், எனக்குத் தெரியாதா? போனை எடுத்துக்கிட்டு ஓடினேன். நின்னுடுச்சு. பாய் சுருட்டின மேனிக்கு மூலையில இருக்கு. இவன் நடு ஹால்ல உக்காந்துக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, அந்தப் பாய்ப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கான். அன்னியிலேர்ந்து தெனமும் கேக்குது. படுக்கற நேரம் வந்தா கேக்குது. நான் இப்பல்லாம் போனை எடுக்கறதில்லை. அடுப்படியிலயே நின்னுக்கிட்டு, "யாருங்க இருமுறது?"ன்னு கேப்பேன்.

இவன்தானே தம்பி இருமணும்? வீட்டுல வேற யாரு இருக்கா, சொல்லுங்க.

கூப்பிடறாங்க. இருங்க, இவனைத் தூக்கிக்கறேன். நடப்பான், நடப்பான், எனக்குத் தெரியும். நீங்க அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் தொறந்து விடுங்க.